சிவப்புக் காட்டுக்குத் தண்ணீர்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வேப்பமரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில், பெயர்ப்பலகை இல்லாத பங்களா ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது. வாசலில் காவலுக்கு ஒரு சௌக்கிதார், உள்ளே ஒரு பிரிகேடியர், ஒரு மேஜர், ஒரு கணக்கு மேதை, சில டைப்ரைட்டர்கள். எந்த மந்திரியின் கீழ் வருகிற ஆபீஸ் என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். டெல்லியில் சர்க்கார் ரகசியம் என்றால் இதுதான் அர்த்தம்: எதிர்த்த டீக்கடைக்காரனுக்கு எல்லாம் தெரியும், நமக்குத்தான் தெரியக் கூடாது.

அங்கே நடந்த வேலை இதுதான். உலகத்தில் எங்காவது ஒரு நாட்டில் ஒரே ஜனம் இரண்டாகப் பிரிந்து வெட்டிக்கொண்டால், எந்தப் பக்கம் ஜெயிக்கும், எதனால் ஜெயிக்கும், மற்றது எதனால் தோற்கும் என்று முன்கூட்டியே கண்டு சொல்ல வேண்டும். சொன்னால், மேலே இருப்பவர்கள் ஜெயிக்கிற பக்கத்தோடு நேரத்துக்குச் சிநேகம் பிடித்துக்கொள்வார்கள். தோற்கிற பக்கத்துக்கு அனுதாபச் செய்தி அனுப்பிவிட்டால் போதும்.

இதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் ஒரு மேஜை இருந்தது. உள்ளறையில், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டி, கதவுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்த பெரிய மேஜை. அதன்மேல் யமுனை மணலைக் கொட்டி அந்த நாட்டை அப்படியே சின்னதாகச் செய்திருந்தார்கள். மலை, சாலை, ஊர், துறைமுகம், ஆற்றுக்குப் பதில் கண்ணாடித் துண்டுகள். அரசாங்கப் படைக்கு நீலக் குச்சிகள், கிளர்ச்சிக்காரர்களுக்குச் சிவப்புக் குச்சிகள். ஒருவர் நீலத்துக்காக ஆடுவார், ஒருவர் சிவப்புக்காக ஆடுவார், பிரிகேடியர் தீர்ப்புச் சொல்வார். எண்பத்தாறாம் வருஷத்துக் கோடையில் அந்த மேஜைமேல் கிடந்தது ஆப்பிரிக்கக் கரையில் ஒரு நாடு. பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். ‘மேஜை’ என்றுதான் சொல்வார்கள்.

சிவப்புக்காக ஆடியவர் மேஜர் மாசிலாமணி. பரமக்குடிப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்று, ஜனக்புரியில் வீடு வாங்கி, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். அவருடைய ஒரே மகள் பூங்கோதை டாக்டர். டாக்டர் என்றால் டெல்லியிலேயே நாலு ஆஸ்பத்திரி இல்லையா? இல்லை, அவள் போய் உட்கார்ந்திருந்தது அந்த மேஜை நாட்டில்தான். வடக்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. நீலத்தின் கையில் இருந்த ஊர். சிவப்பு நெருங்கிக்கொண்டிருந்த ஊர்.

“உன் பெண் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உனக்குச் சிவப்பு கொடுத்தேன். நீலத்தைக் கொடுத்தால் பயந்து பயந்து ஆடுவாய்” என்று பிரிகேடியர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பட்டாளத்தில் இதற்குப் பெயர் நியாயம்.

நீலத்துக்காக ஆடியவர் பாலசுப்ரமணியம். கணக்கில் பெரிய பட்டம். கரோல் பாக்கில், அப்பா காலத்தில் வாடகைக்குப் பிடித்த மாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. யுத்தத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் யுத்தத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே கிடையாது.

காடுகளைச் சாயம் போட்ட மரத்தூளால் செய்வதுதான் வழக்கம். கூலர் காற்றில் மரத்தூள் பறந்து பாலசுப்ரமணியத்தின் மூக்கில் ஏறியதால், மாசிலாமணி ஒரு யோசனை சொன்னார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மலையாளி கடையில் கேழ்வரகும் பாசிப்பயறும் வாங்கிவந்து, காடு இருக்க வேண்டிய இடங்களில் தன் கையாலேயே விதைத்தார். சில நாளில் முளைத்து வந்தது. பிரிகேடியருக்கு ஒரே சந்தோஷம். உடனே ஒரு விதி எழுதினார்: முளைக்குள் மறைந்து நிற்கிற குச்சியை எதிராளி மேஜை மட்டத்தில் வைத்த கண்ணாடி வழியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணில் படாத குச்சியைச் சுட முடியாது. நிஜக் காட்டில் அப்படித்தானே?

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாசிலாமணி பம்பு வைத்து இரண்டு பக்கத்துக்கும் சமமாகத் தண்ணீர் தெளித்தார். வடக்கே நீலத்தின் காடு சவலைப்பிள்ளை மாதிரி வந்தது. தெற்கே சிவப்பின் காடு ஒரு ஜாண் உயரம் எழுந்தது. வெயில் படாத அறையில் வளர்ந்ததால் பச்சை இல்லை, வெளிறிய மஞ்சள் நிறம். கதவைத் திறந்து விளக்கைப் போடுவதற்கு முன் ஒரு கணம், இருட்டில் அது தனியாகத் தெரியும். அந்த மஞ்சளை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று மாசிலாமணிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை.

முதலில் பாலம். ஒரு செவ்வாய்க்கிழமை சிவப்பு, ஆற்றுப் பாலத்தை உடைத்தது, அதாவது பாலமாக வைத்திருந்த ஒரு தீக்குச்சியை மாசிலாமணி எடுத்துக் கீழே வைத்தார். அடுத்த வாரம் காலையில் வீட்டில் ஷார்ட்வேவ் ரேடியோவைத் திருகினால், அங்கே நிஜப் பாலம் உடைந்திருந்தது. பிறகு துறைமுகம். பிறகு தெற்கே ஒரு சந்தை ஊர். மூன்றும் மேஜையில் நடந்து, ஒரு வாரம் போலப் பொறுத்து, அங்கே நடந்தது.

“மேஜர் சார், இதுல பேய் பிசாசு ஒண்ணும் இல்லை” என்றார் பாலசுப்ரமணியம். “நாம கரெக்டா ஆடறோம், அவ்ளோதான். நல்ல கேம்னா நிஜத்துக்கு முன்னாடிதான் போகணும். இல்லேன்னா நமக்கு எதுக்கு இந்த உத்தியோகம்?”

“பயிர் சாயுது, பாத்தீங்களா?”

“எங்கே?”

சாய்ந்துதான் இருந்தது. சிவப்புக் காடு முழுக்க, ஒரு தண்டு விடாமல், வடக்கே பார்த்துச் சாய்ந்திருந்தது. வடக்கே பூங்கோதை இருந்த ஊர்.

“கூலர் காத்து சார்.”

“கூலர் வடக்கால இருக்கு. காத்து தெக்கே பாத்து அடிக்குது. அப்படின்னா பயிரு தெக்கயில்ல சாயணும்?”

பாலசுப்ரமணியம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இன்ட்ரஸ்டிங்” என்றார். படித்தவர்கள் பயப்படுவது அப்படித்தான்.

அன்றைக்கு மாசிலாமணி ஒரு காரியம் செய்தார். பட்டாளத்தில் இருந்தவன் செய்யக் கூடாத காரியம். வடக்கு ஊரைச் சுற்றி நின்ற தன் சிவப்புக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தெற்கே கொண்டுபோய் வைத்துவிட்டார். தோற்றால் தோற்றுப் போகட்டும். தோற்பதற்கு வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் வந்து பார்த்தால், வடக்கு ஊருக்குப் போகிற ஒரே சாலையைக் காடு மூடியிருந்தது. விதைக்காத இடத்தில் முளைத்துவிட்டதா, பக்கத்துத் தண்டுகள் விழுந்து படர்ந்தனவா, சொல்ல முடியவில்லை. பிரிகேடியர் குனிந்து கண்ணாடியில் பார்த்தார். காடு யார் கையில்? சிவப்பு. அப்படியானால் சாலையும் சிவப்பின் கையில். ஊர் துண்டிக்கப்பட்டது என்று தீர்ப்பாகிவிட்டது.

“நீ வேண்டுமென்றே தோற்கப் பார்க்கிறாய், மேஜர்” என்றார் பிரிகேடியர். “ஆனால் உன்னால் முடியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதுதான் நமக்கு மேலே கேட்கிற கேள்வி.”

வீட்டில் மாசிலாமணியின் மனைவி செல்லம்மாள் ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பூங்கோதையிடமிருந்து வாரம் ஒரு முறை வந்துகொண்டிருந்த டெலிபோனும் நின்றுவிட்டது.

“ஏங்க, ஒங்க ஆபீஸ்ல அந்த ஊரப் பத்தித்தானே பேசுறீக? எம்பொண்ணு இருக்க ஊருக்கு என்ன ஆகும்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லக் கூடாதா?”

“சும்மா இரு புள்ள. ஒண்ணும் ஆகாது.”

அவர் பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? இந்தியர்களை அழைத்துவர விமானம் போகுமா என்று அவரும் பல இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டார். ஊரைச் சுற்றிச் சண்டை ஓய்ந்தால் போகும் என்றார்கள். ஓயாவிட்டால் சிவப்புப் படை உள்ளே நுழையும். நீலத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்களைச் சிவப்பு என்ன செய்யும் என்று சந்தை ஊரில் ஏற்கெனவே காட்டியிருந்தது. மாசிலாமணிக்குப் பயமாக இருந்தது. குண்டு விழும்போது வருகிற பயம் விழுந்து முடிந்ததும் போய்விடும். இது சோற்றிலும் தூக்கத்திலும் கூடவே இருந்தது.

சாலை மூடிய மறுநாள், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், மறந்துவைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க அவர் பங்களாவுக்குத் திரும்பி வந்தார். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கைதட்டுகிற சத்தம்.

சும்மா தட்டுகிற தட்டு அல்ல. நின்று, குனிந்து, நிமிர்ந்து தட்டுகிற கும்மித் தட்டு. சுற்றி வருகிற பாதங்களின் சத்தமும் சேர்ந்து கேட்டது. ஒரு ஜோடிக் கை இல்லை. அறை நிறையப் பெண்கள் நின்று தட்டுகிற மாதிரி இருந்தது. ரகசிய அறைக்குள் இத்தனை பேர் எப்படிப் போனார்கள் என்ற கோபத்தில் கதவைத் தள்ளித் திறந்தார்.

வடிவு ஒருத்திதான் நின்றாள். பங்களாவைக் கூட்டிப் பெருக்குகிறவள். கமுதிப் பக்கத்துக்காரி, ஜங்புரா பக்கத்தில் ஜுக்கிக் குடிசையில் இருப்பவள். பெருக்குவதற்காகச் சாவி அவளிடம் இருக்கும். விளக்கைப் போடாமல் இருட்டில் நின்றாள். இடுப்பில் ஒரு குடம்.

“ஆத்தி! உள்ள வராதீக சார்! ஆம்பளையாளு பாக்கப்படாது!”

சொந்த ஆபீஸ். பூட்டிய அறை. அரசாங்க ரகசியம். ஆனால் மேஜர் மாசிலாமணி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஏன் நின்றார்? சின்ன வயசில் அவர் ஊரில் ஒரு வீட்டு வாசலில் இதே குரல் இதே மாதிரி அவரை விரட்டியிருக்கிறது. அப்போதுதான் அந்த மஞ்சள் அவருக்குப் பிடிபட்டது. முளைப்பாரி. அம்மன் திருவிழாவுக்குப் பெண்கள் இருட்டு வீட்டில் வைத்து வளர்க்கிற முளைப்பாரி. ஆண்கள் கண்ணில் அது கடைசி நாள் ஊர்வலத்தில்தான் படும்.

“இது முளைப்பாரி இல்லம்மா. இது ஆபீஸ் வேலை.”

“என்ன சார் நீக. நானு சின்னப் புள்ளையா? சென்னலு எல்லாம் அடச்சு, இருட்டாக்கி, கேவுரும் பாசிப்பயறும் போட்டுருக்கீக. செகப்புக் கொடி வேற நட்டுருக்கீக. அப்புறம் தண்ணிய மட்டும் ஏதோ ரோசாச் செடிக்குத் தெளிக்கிற மாதிரி தெளிச்சுட்டுப் போறீக. பொம்பள இல்லாத எடத்துல மொளப் போட்டா இப்படித்தான். எனக்கு மனசு கேக்கல. வெரதம் இருந்து ஊத்திக்கிட்டு இருக்கேன்.”

“விரதமா?”

“ஒரு பொழுதுதான் சோறு. கவுச்சி இல்ல. எம்புருசன் ஏசுறாரு.”

“செகப்புப் பக்கத்துக்கு மட்டும் ஊத்துனியா?”

“அம்மனுக்குச் செகப்பு. நீலத்துக்கு எதுக்குத் தண்ணி?”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மூன்று மாதமாகச் சிவப்பின் தலைமை, சிவப்பின் ஆயுதம், சிவப்புக்கு வெளிநாட்டு உதவி என்று பாலசுப்ரமணியம் ஒரு சுவர் நிறைய வரைபடம் போட்டு வைத்திருக்கிறார். சிரிப்பு வரவில்லை.

“உன்கூட வேற யாரு இருந்தா உள்ள?”

“நான் மட்டுந்தான். கும்மிக்கு ஒத்தையாளு பத்தாதுதான். டில்லியில யாரக் கூப்புட?”

“நெறைய கை கேட்டுச்சே.”

வடிவு திரும்பி மேஜையை ஒரு தரம் பார்த்தாள். “அப்ப வந்திருக்காகபோல” என்றாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

“வடிவு, நாளையிலேருந்து தண்ணி ஊத்த வேண்டாம்.”

“அதெப்படி சார் ஆகும்? மொளச்சதக் காயப் போட்டா வெதச்ச வீட்டுக்கு ஆகாது. கரைக்கிற அன்னிக்கு ஆத்துல விடணும். நடுவுல விடப்படாது.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “வெதச்ச கை யாரு கை?”

“ஆபீஸ்ல யாரோ” என்றார் மாசிலாமணி.

அன்று சாயங்காலம் அவர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. தண்ணீர் ஊற்றினால் சிவப்பு ஊருக்குள் நுழையும், உள்ளே பூங்கோதை இருப்பாள். ஊற்றாவிட்டால் விதைத்த கைக்கு ஆகாது, அந்தக் கைக்கு இருப்பது பூங்கோதை ஒருத்திதான். படித்த மனுஷன், பட்டாளத்துக்காரன், இதையெல்லாமா நம்புவது என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டினால் போய்விடுமா?

ஆனால் திட்டிக்கொண்டே வரும்போது வேறொன்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. எல்லையில் வேலை பார்த்த காலத்தில் அவர் கண்ணால் கண்டதுதான், இத்தனை நாள் சொல்லத் தெரியாமல் இருந்தது. சிவப்பு ஜெயிப்பது காட்டினால் அல்ல, துப்பாக்கியால் அல்ல. யாரோ ஒருத்தி தன் வயிற்றைக் காயப்போட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். எதற்காகச் சண்டை என்று அவளுக்குத் தெரியாது. யார் நல்லவன் என்று அவள் கேட்கவில்லை. தன் வாசலில் முளைத்துவிட்டது, காய விட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அப்படி ஒருத்தி இருக்கிற பக்கத்தை எத்தனை முறை சுட்டாலும் மறுபடி முளைக்கும். அப்படி யாரும் இல்லாத பக்கம், கையில் எத்தனை பீரங்கி இருந்தாலும், சவலைப்பிள்ளைதான்.

மறுநாள் காலையில் பிரிகேடியரிடம் இதைச் சொன்னார். வடிவைப் பற்றியும் சொன்னார், சொல்லாமல் விளக்க வழியில்லை. பாலசுப்ரமணியம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

பிரிகேடியர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். “அச்சா” என்றார். “அங்கேயும் இப்படித்தான் என்கிறாய். கிராமத்துப் பெண்கள். இரண்டு வருஷமாக நீலம் காட்டின்மேல் குண்டு போடுகிறது, காடு குறையவில்லை. சரி. நீ சிவப்பின் தளபதி, உன் பலம் எது என்று சொல்லிவிட்டாய். இப்போது சொல். நீலம் என்ன செய்ய வேண்டும்?”

மாசிலாமணிக்குப் பதில் தெரியும். கேள்வி முடிவதற்கு முன்பே தெரியும். சொல்லாமல் இருந்திருக்கலாம். ‘அதை நீலம் யோசிக்கட்டும் சார்’ என்று சொல்லியிருந்தால் விதிப்படி சரியாகவும் இருந்திருக்கும். அவருக்குப் பூங்கோதையின் முகம் கண்முன் வந்தது. ரேடியோவுக்குப் பக்கத்தில் செல்லம்மாள் போட்டிருந்த நாற்காலி வந்தது.

“தண்ணியை நிறுத்தணும் சார்” என்றார். “குச்சிங்களை விட்டுடணும். தண்ணி கொண்டு வர்றவங்களை நிறுத்தணும்.”

பாலசுப்ரமணியம் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு நீலத்தின் ஆட்டம் அதுதான். வடிவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். தெற்குப் பக்கம் பம்பும் கூடாது என்று பிரிகேடியர் உத்தரவு போட்டார்.

ஜூன் மாதத்து டெல்லி. வெளியே லூ காற்று அனலாக வீசியது. வடிவு தாழ்வாரத்தைப் பெருக்கி முடித்துவிட்டுப் போகாமல், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பூட்டிய கதவுக்கு எதிரே நின்றாள். சௌக்கிதார் விரட்டினால் வேப்பமரத்தடிக்குப் போவாள், அவன் திரும்பியதும் வந்துவிடுவாள்.

“சார், உள்ள அழுகுற சத்தம் கேக்கலையா ஒங்களுக்கு?”

“இல்லம்மா.”

அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. ஆனால் பேய் பிசாசு நம்பாத பாலசுப்ரமணியம் அன்று மத்தியானம் தன் நாற்காலியையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு மாறிவிட்டார். என்ன சார் என்று கேட்டதற்கு, “எலி” என்றார். “சுவத்துக்குள்ளே எலி இருக்கு. குழந்தை மாதிரி கத்தறது.” அவர் முகம் வெளுத்திருந்தது.

சில நாள் கழித்துக் கதவைத் திறந்தார்கள். காடு படுத்துவிட்டிருந்தது. வடக்கே பார்த்துச் சாய்ந்து நின்ற அத்தனை தண்டும் இப்போது கதவைப் பார்த்துக் கிடந்தது. வடிவு நின்ற இடத்தைப் பார்த்து, நுனியெல்லாம் ஒரே பக்கமாக, ஊர்ந்து வந்து வழியில் விழுந்த மாதிரி. சிவப்புக் குச்சிகள் வெட்டவெளியில் நின்றன. பாலசுப்ரமணியம் மேஜைக் கண்ணாடியே இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வடக்கு ஊரின் சாலை திறந்துவிட்டது.

வடிவு கணக்கு முடித்துக்கொண்டு போக வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “எனக்குச் சோறு எறங்கல சார். வேற வீடு பாத்துக்கிறேன்” என்றாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். “வெதச்ச கை யாருன்னு அன்னிக்கே கேட்டேன். சொல்லல நீக.” அவர் கையைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் தன்னையறியாமல் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

பிரிகேடியர் பர்ஃபி வாங்கிக் கொடுத்தார். இந்த ஆபீஸ் ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஓர் அறிக்கை போனதில்லை என்றார். மேலே எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். அவ்வளவு பிடித்ததால், சிநேகத்துக்கு அடையாளமாக, நீலத்தின் தூதரகத்துக்கே ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்களாம். மாசிலாமணியின் கையில் பாதி தின்ற பர்ஃபி இருந்தது. நீலத்துக்காரர்களே யோசித்திருப்பார்கள், நாம் சொல்லித்தானா தெரிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மீதியையும் தின்றார்.

ரேடியோ இந்த முறையும் தவறவில்லை. அரசாங்கப் படை தெற்கே முன்னேறுகிறது. கிளர்ச்சிக்காரர்கள் காட்டை விட்டு வெளியே வருகிறார்கள். வடக்குச் சாலை திறந்தது. விமானம் போயிற்று. ஜூலை மாதம் ஒரு காலை வேளையில் டெல்லியின் பாலம் விமான நிலையத்தில், கூட்டத்துக்கு நடுவே, பூங்கோதை ஒரு துணிப்பையோடு நடந்து வந்தாள். செல்லம்மாள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு கத்தி அழுதாள். மாசிலாமணியும் அழுதார். அவர் அழுது அவர் மகள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷம் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. எது நடந்திருந்தாலும் சரி, பிள்ளை வந்துவிட்டாள். பெற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இரண்டு நாள் அவள் தூங்கினாள். மூன்றாம் நாள் மத்தியானம், மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது, கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

“கிணத்தையெல்லாம் மூடிட்டாங்கப்பா.”

“யாரு?” என்றாள் செல்லம்மாள்.

“கவர்ன்மென்ட் ஆர்மி. காட்டோரமா இருக்கற கிராமம் ஒண்ணு விடாம. முதல்ல செத்த மாட்டைப் போட்டாங்க. அப்புறம் லாரியில சிமென்ட் கொண்டு வந்து மூடினாங்க. குடத்தோட எந்தப் பொம்பளை நடந்தாலும் சுடலாம்னு ஆர்டர். குடம் இருந்தா போதும். எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எல்லாம் குடம் தூக்கினவங்கதான். அவங்களுக்கு யார் எந்தப் பக்கம்னே தெரியாது. தாகம்னு யார் வந்தாலும் குடுத்தாங்க.” அவள் நிறுத்தினாள். “எங்களுக்கும் அவங்கதான் குடுத்தாங்க. ரோடு மூடின சமயத்துல பைப்ல தண்ணி நின்னு போச்சு. காட்டு வழியா நடந்து வந்து தினமும் ஊத்திட்டுப் போனாங்க. இல்லேன்னா நானும் என் பேஷன்ட்ஸும் அந்த வாரமே முடிஞ்சிருப்போம். ரோடு திறந்தப்போ ஒருத்திகூட இல்லை.”

செல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா அந்த ஆர்மிக்கு இது தோணவே இல்லைப்பா. காட்டைத்தான் சுட்டுட்டு இருந்தாங்க, அவ்வளவு முட்டாள்கள். திடீர்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க பட்டாளத்துல இருந்தவர். இந்த மாதிரி யோசனை எப்படிப்பட்ட ஆளுக்குப்பா வரும்?”

“ஒங்கப்பாவக் கேட்டா?” என்றாள் செல்லம்மாள், பேச்சை மாற்றினால் போதும் என்று. “அவரு அந்த ஆபீஸ்ல மண்ணக் கொட்டி வெளையாடிட்டு வாராரு. அவருக்கு என்ன தெரியும்?”

விசாரணைக் கமிஷன் முன்னால்கூட அசையாமல் வைத்திருக்கப் பழகிய முகம் மாசிலாமணியுடையது. ஆனால் எதிரே இருந்தது கமிஷன் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்த டம்ளரை, வாய்வரை கொண்டுபோனதை, சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்தாள்.

அன்று சாயங்காலமே சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். பிறகு டெல்லியிலேயே, ஒரு பஸ் ஏறினால் வருகிற தூரத்தில் வேலை பார்த்தாள். தீபாவளிக்கு வந்தாள், அம்மாவுக்கு உடம்புக்கு வந்தபோது வந்தாள், ஊசி போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக் கொடுத்தாள். அப்பாவிடமும் மரியாதையாக நாலு வார்த்தை பேசினாள். ஆனால் அந்த வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.